டெஸ்ஸா பேரில் ஒரு திருத்தக் கணக்கு

டெஸ்ஸா டாக்கெட்டுக்கு எட்டு வயது நடந்த வருடத்துக்கு ஐயாயிரத்து எண்ணூறு டாலர் வருமான வரி வந்தது. அப்போது அவள் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வருமானம் இருந்தது உண்மைதான். அவள் அப்பா ராய்ஸ் ராணுவத்தில் சார்ஜன்ட்டாக இருந்து, 2016-இல் ஆப்கானிஸ்தானில் இறந்துபோனான். அதற்காக மாதாமாதம் வந்த பென்ஷனை அவன் மனைவி கோரின் தன் பேரில் வாங்காமல் மகள் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். தன் பேரில் வாங்கினால் விதவைக்கு என்று வருகிற இன்னொரு தொகையின் அளவுக்கு அது குறைந்துவிடும். ராணுவ முகாமை ஒட்டிய ஊரான கிளார்க்ஸ்வில்லில் அவளுக்குத் தெரிந்த விதவைகள் எல்லாரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். யாருக்கும் அதனால் கெடுதல் வரவில்லை, அந்த வருடம் வரைக்கும்.

முந்தைய வருடங்களில் டெஸ்ஸாவின் வரி இரண்டாயிரத்தைத் தாண்டியதில்லை. 2019 மார்ச்சில் கோரின் வழக்கம்போல நூலகத்துக்குப் போனாள். வரிக் காலத்தில் அங்கே மேசை போட்டு, ஓய்வுபெற்றவர்கள் இலவசமாகக் கணக்கு எழுதிக் கொடுப்பார்கள். அவளுக்கு வாய்த்தவர் இமோஜீன் ஃபோய். எழுபது வயதைத் தாண்டியவர், பள்ளி நிர்வாகத்தில் கணக்கராக இருந்தவர், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டி கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் எண்களைக் கணினியில் போட்டார். போட்டதை அழித்துவிட்டு மறுபடி போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று அவர் விளக்கினார். பணக்காரர்கள் பங்குகளையும் பத்திரங்களையும் பிள்ளைகள் பேரில் போட்டு வரியைக் குறைத்துக்கொள்ளக்கூடாது என்று ஏற்கெனவே ஒரு விதி உண்டு. குழந்தைக்கு அப்படி வரும் பணத்துக்குப் பெற்றோரின் விகிதத்தில் வரி போடுவார்கள். இப்போது அதை எடுத்துவிட்டு, பெரிய சொத்து அறக்கட்டளைகளுக்குப் போடும் விகிதத்தைப் போடச் சொல்லிவிட்டார்கள். பதின்மூன்றாயிரம் டாலர் தாண்டுவதற்குள்ளேயே அது முப்பத்தேழு சதவீதத்தைத் தொட்டுவிடும். செத்துப்போனவனின் பென்ஷனும் அதே கட்டத்தில் விழுகிறது. யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது என்றார்.

கோரின் மேசையில் இருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கி உறைக்குள் வைத்தாள். நன்றி சொன்னாள். மூன்று வாரம் கழித்து ராய்ஸின் நீல நிற பிக்அப் வண்டியை விற்றாள்.

அந்த வண்டியை அவன் இரண்டாம் முறை போர்முனைக்குப் போய்வந்த பணத்தில் வாங்கினான். மூன்று வருடமாக அது வீட்டுக்கு முன்னால் நின்றது. சனிக்கிழமைகளில் கோரின் அதைக் கிளப்பி பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பாள். அவ்வளவுதான் அதற்கு வேலை. இணையத்தில் விளம்பரம் போட்ட இரண்டாம் நாள் கென்டக்கியிலிருந்து ஒருவன் வந்து ஏழாயிரம் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனான். டெஸ்ஸா பள்ளியிலிருந்து வந்தபோது அந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

ராய்ஸின் அப்பா வர்ஜில், கென்டக்கியின் கிழக்கே மலைப்பக்கம் தனியாக இருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். யார் சொல்லியோ அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஃபோன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வண்டியை விற்றுவிட்டாயாமே என்று. ஆமாம் சார் என்றாள் கோரின். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை அவள் சார் என்றுதான் கூப்பிடுவாள், ராய்ஸும் அப்படித்தான் கூப்பிட்டான்.  அவர் ஃபோனை வைத்துவிட்டார். அதற்குப் பின் டெஸ்ஸாவின் பிறந்தநாளுக்கு இருபது டாலர் நோட்டு வைத்த வாழ்த்து அட்டை மட்டும் வந்தது.

வரியைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவர் அடுத்த கேள்வி கேட்பார். இன்சூரன்ஸ் பணம் என்ன ஆயிற்று என்பார். அதில் வீட்டுக் கடனை அடைத்ததுபோக மிச்சம் முழுவதும் டெஸ்ஸாவின் கல்லூரிப் படிப்புக்கென்று பூட்டிக் கிடந்தது. அதை உடைத்து வரி கட்டியிருக்கலாம்தான். அபராதம்கூடப் பெரிதில்லை. இது கோரினுக்குத் தெரியும்.

அவளுக்கு அந்த ஊரில் இனி யாரும் இல்லை என்றே சொல்லலாம். ராய்ஸ் இறந்த முதல் மாதம் குளிர்பெட்டியில் இடமில்லாத அளவுக்குச் சாப்பாடு வந்தது. ஒரே வாரத்தில் ஒன்பது கோழிக் கேசரோல். பிறகு அவன் படைப்பிரிவு வேறு ஆட்களால் நிரம்பியது. தோழிகள் ஒவ்வொருத்தியாக கணவனோடு டெக்சஸுக்கும் ஜெர்மனிக்கும் மாற்றலாகிப் போனார்கள். முதலில் படங்கள் அனுப்பினார்கள், பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் அனுப்பினார்கள். புதிதாகக் குடிவந்த ராணுவ மனைவிகள் அவளிடம் அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கோரின் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். காலையில் போய் மதியம் மூன்று மணிக்கு டெஸ்ஸாவோடு திரும்புவாள். சில வாரங்களில் டெஸ்ஸாவையும் சமையலறை ஆட்களையும் தவிர வேறு யாரோடும் பேசாமல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.

2020 மார்ச் தொடக்கத்தில் அவள் ஃபோனில் ஒரு குரல் பதிவு இருந்தது.

"மிசஸ் டாக்கெட், நான் இமோஜீன் ஃபோய் பேசறேன், லைப்ரரியில வரிக்கணக்கு போட்டவ. போன வருஷம் உங்ககிட்ட அந்த நம்பரைச் சொன்னது நான்தான். அது என் மனசுலயே இருந்துச்சு. இப்ப அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க. பழைய வருஷத்துக்கும் சேத்து மாத்திக்கலாமாம். திருத்தக் கணக்கு போட்டா பணம் திரும்பி வரும். இந்த வருஷம் நீங்க மேசைப் பக்கமே வரலை, அதான் கூப்பிட்டேன்."

கோரின் அதை இரண்டு முறை கேட்டாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்துத்தான் திருப்பிக் கூப்பிட்டாள்.

அந்த மாதமே கொரோனா நோய் வந்துவிட்டது. நூலகம் மூடியது, பள்ளியும் மூடியது. சமையலறை ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளைகளுக்கு மதிய உணவைப் பையில் கட்டி பள்ளிப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். இமோஜீனுக்குச் சர்க்கரை வியாதி, வெளியே வர மாட்டார். அதனால் எல்லாம் ஃபோனிலேயே நடந்தது. எந்தப் படிவம், எந்தக் கட்டம் என்று அவர் சொல்லச் சொல்ல, மதியம் வேலை முடிந்து வந்து கோரின் சமையலறை மேசையில் எழுதினாள். திருத்தக் கணக்கைக் கணினியில் அனுப்ப முடியாது, காகிதத்தில் எழுதி அஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். மகளின் வரியைப் பழையபடி அம்மாவின் விகிதத்தில் போட வேண்டும், அதற்கு அம்மாவின் கணக்கும் வேண்டும். பள்ளிச் சமையலறைச் சம்பளத்துக்கு என்ன பெரிய விகிதம். மூவாயிரத்து எண்ணூறு சொச்சம் திரும்பி வரும் என்று கணக்கு காட்டியது.

வேலை மூன்று மதியங்களில் முடிந்திருக்க வேண்டும். பத்து நாள் ஆனது. இமோஜீன் நடுவில் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டுகிற நேரம், தொலைக்காட்சியில் பாதிரியார் பிரசங்கம் செய்யும் லட்சணம், டப்பா சூப்பில் உப்பு. கோரின் பேனாவைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாம் நாளிலிருந்து அவள் மிஸ் இமோஜீன் என்றும், அவர் கோரின் என்றும் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு மதியம் டெஸ்ஸா எதிரே உட்கார்ந்து சீஸ் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே படிவத்தைத் தலைகீழாகப் படித்தாள்.

"உழைக்காம வந்த வருமானம்னு போட்டிருக்கு. அப்படின்னா?"

"உனக்கு வர்ற பணம். அதுக்கு அவங்க வச்ச பேர்."

"யாரு உழைக்கல?"

"நீ உழைக்கல. நீ சின்னப் பொண்ணு."

டெஸ்ஸா யோசித்தாள். "அப்பா உழைச்சாரே. அதை எங்க எழுதணும்?"

"அதுக்கு எடம் இல்லை."

"சைடுல எழுது," என்று சொல்லிவிட்டு டெஸ்ஸா தட்டைத் தொட்டியில் போடப் போனாள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதி இருந்தது. எதற்காகத் திருத்துகிறீர்கள் என்பதை விளக்கவும் என்று கேட்டு, கீழே வெற்றுக் கோடுகள் விட்டிருந்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமை, டெஸ்ஸா கொல்லைப்புறத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, கோரின் அந்தக் கோடுகளை நிரப்ப உட்கார்ந்தாள். சட்டம் மாறியதால் என்று ஆரம்பித்தாள். கோடுகள் தீர்ந்துபோயின. இன்னொரு தாளை எடுத்தாள். அதன் பின்பக்கமும் நிறைந்தது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து உறையில் போட்டு, சரிபார்ப்பதற்காக இமோஜீன் வீட்டு வாசல் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை இமோஜீன் கூப்பிட்டார்.

"நம்பர் எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்து மட்டும் மாத்தணும். புள்ள பேரை எழுதிட்டு, கீழ உன் பேரைப் போட்டு, மைனருக்காகத் தாய்னு எழுது."

"சரி, மிஸ் இமோஜீன்."

"அப்புறம் அந்த விளக்கம். சட்டம் மாறுச்சு, அதனால அம்மாவோட விகிதத்துல மறுபடி கணக்குப் போட்டிருக்குன்னு ரெண்டு வரி போதும். அதை நானே புதுத் தாள்ல எழுதிட்டேன்." அவர் நிறுத்தினார். "மிச்சத்தையும் படிச்சுட்டேன். படிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

கோரினுக்குத் தான் என்ன எழுதினோம் என்பது அப்போதுதான் வரி வரியாக நினைவுக்கு வந்தது.

அவள் எழுதியிருந்தது இதுதான். வரி கட்ட என் கணவரின் வண்டியை விற்றேன். வேறு பணம் இருந்தது, தொடவில்லை. அந்த வண்டியை ஒவ்வொரு நாளும் ஜன்னல் வழியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் விற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீங்கள் அந்த வரியைப் போட்டபோது எனக்குக் காரணம் கிடைத்தது. ராய்ஸ் கேட்டால் மகளுக்காக விற்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது வரி தப்பு என்று சொல்லி பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அப்படியானால் நான் அதை எதற்காக விற்றேன்? அவருடைய அப்பா என்னோடு பேசுவதில்லை. அவரிடம் நான் எதைச் சொல்வது?

"மிஸ் இமோஜீன், நான் எதுக்கு அப்படி எழுதினேன்னு தெரியலை."

"கேட்டாங்க, எழுதின. வேற யாரும் உன்னைக் கேக்கலை போல," என்றார் இமோஜீன். "வரி ஆபீஸ்ல இதைப் படிக்கறவனுக்கு என்ன பண்ணணும்னு தெரியாது. அந்தத் தாளைத் தனியா மடிச்சு வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ."

கோரின் போனபோது இமோஜீன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் உயர்த்தினார். அந்தப் பத்து நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அந்த ஒரு முறைதான். நூலகத்தில் பார்த்ததைவிடக் குள்ளமாகத் தெரிந்தார்.

படிவத்தை அவள் அன்றே பதிவு அஞ்சலில் அனுப்பினாள். மடித்த தாள் ஒரு வாரம் கைப்பையில் கிடந்தது. சாவி எடுக்கும்போதெல்லாம் விரலில் பட்டது. கிழித்துப் போடலாம் என்று இரண்டு முறை எடுத்தாள். கடைசியில் மேலே சார் என்று மட்டும் எழுதி, வர்ஜிலின் முகவரி போட்டு, தபால்தலை ஒட்டி, பேருந்துகளுக்குச் சாப்பாடு ஏற்றப் போகிற வழியில் பெட்டியில் போட்டாள். போட்டதும் காரில் ஏறிப் பள்ளிக்குப் போனாள்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வர்ஜில் ஃபோன் செய்தார். டெஸ்ஸா எடுத்தாள். அவருடைய நாயைப் பற்றியும், நாற்று விட்ட தக்காளியைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு டெஸ்ஸா ஃபோனை நீட்டினாள்.

"படிச்சேன்," என்றார் வர்ஜில்.

"சரி சார்."

"எனக்கு எழுத்து வேகமா வராது. அதான் நாளாச்சு." மூச்சு வாங்கினார், சுரங்கத்தூசி நெஞ்சில் இருந்தது. "நேர்ல பேசிக்கலாம். சாலையெல்லாம் தெறக்கட்டும்."

ஜூலையில் வந்தார். நாயை மட்டும் கூட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் தனியாக ஓட்டி வந்தார். நோய்க்குப் பயந்து வீட்டுக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பின்புறம் மேப்பிள் மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தாள் கோரின். பிண்டோ பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் வைத்து நடுவில் இருந்த பெட்டிமேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்காமலே ஏணியை எடுத்துக் மழைநீர் வடியும் கூரைத் தகரக்குழாயில் அடைத்திருந்த இலைகளைத் தள்ளினார். டெஸ்ஸா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இறங்கி வந்து மூச்சு அடங்கும்வரை இருந்துவிட்டு, டெஸ்ஸாவை நாய்க்குத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார்.

"வண்டிக்காகக் கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா சார்."

"வண்டி இரும்பு. பக்கத்து வீட்டுக்காரன் ஃபோன்ல உன் வெளம்பரத்தைக் காட்டினான். நல்லா ஓடும், உரிமையாளருக்கு இனித் தேவையில்லைன்னு போட்டிருந்தே."

கோரினுக்கு நினைவு வந்தது. அந்த இணையப் பக்கம், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. அவள் நின்ற நிலையில் அதைத் தட்டி அனுப்பியிருந்தாள்.

"எனக்கு வேற எப்படி எழுதறதுன்னு தெரியலை," என்றாள்.

"அது பொய்யும் இல்லை," என்றார் வர்ஜில். "அதான் கஷ்டமா இருந்துச்சு. எவனோ ஒருத்தன் ஃபோன்லதான் நான் அதைப் படிக்கணும்னு இருந்துச்சு பாரு." தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "உன் கடுதாசியைப் படிச்சதுக்கப்புறம் யோசிச்சேன். அவன் ரூமை நான் பூட்டி வச்சிருக்கேன். நீ தெனமும் பாத்தே. நான் பாக்கறதே இல்லை. ரெண்டுல யாரு தப்புன்னு சொல்றது?"

  நாய் தண்ணீரை நக்கிக் குடிக்கிற சத்தம் கேட்டது. அந்தி வெளிச்சத்தில் கண் சரியாகத் தெரியாது என்று நான்கு மணிக்கே கிளம்பினார். போகும்போது கோரினைக் கட்டிக்கொள்ள முடியாததால் அவள் காரின் கூரையை இரண்டு தடவை தட்டிவிட்டுப் போனார். அக்டோபரில் இன்னொரு முறை வந்தார். பிறகு குளிரும் நோயும் சேர்ந்துகொண்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் மட்டும் வந்தது, அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை.

வரி அலுவலகம் பல மாதம் மூடிக் கிடந்தது. வந்த தபால்கள் லாரிப் பெட்டிகளில் பிரிக்காமல் அடைந்து கிடப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். 2021 பிப்ரவரியில்தான் காசோலை வந்தது, வட்டியோடு. டெஸ்ஸா எம். டாக்கெட் என்று முழுப் பெயரும் பச்சைத் தாளில் அச்சாகியிருந்தது. வங்கிக்குள் ஆட்களை விடவில்லை. காரிலிருந்தபடியே ஜன்னலில் கொடுக்க வேண்டும். உள்ளே இருந்த பெண் ஒலிபெருக்கி வழியாக, பணம் பெறுபவர் யார் என்று கேட்டாள். பின் இருக்கையிலிருந்து டெஸ்ஸா கையைத் தூக்கினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அவள் பேரில் ஒரு கணக்கு திறக்க வேண்டும் என்றாள். டெஸ்ஸா காசோலையின் முதுகில் பல்லைக் கடித்துக்கொண்டு, புதிதாகப் பழகிய, எழுத்துகளைச் சேர்த்தெழுதும் முறையில் தன் பெயரை எழுதினாள். கோடு போதாமல் கடைசி எழுத்துகள் மேலே ஏறிப் போயின.

வீட்டுக்கு வந்ததும் டெஸ்ஸா பள்ளிப் பாடத்துக்காகக் கணினியின் முன் உட்கார்ந்தாள். கோரின் தனியாகச் சமையலறையில் நின்றாள். பணம் வந்துவிட்டது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வர்ஜிலுக்கு ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை, வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருப்பார். இமோஜீனுக்குச் சொன்னாள். அவர் எத்தனை டாலர், எத்தனை சென்ட் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தன் கணக்கோடு ஒத்துப்போகிறது, வட்டி மட்டும்தான் கூடுதல் என்றார். அவ்வளவுதான். இனி அந்தக் கணக்கில் பேச ஒன்றும் பாக்கியில்லை.

அந்த வருடக் கணக்கைக் கோரின் தானே போட்டாள். விதி பழையபடி ஆகிவிட்டதால் சிக்கல் இல்லை. ஒரு மதியத்தில் முடிந்தது. எல்லாக் கட்டங்களையும் சரிபார்த்தாள். தப்பு ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி தேடினாள். இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், நாலேகால். ஃபோனை எடுத்தாள்.

"எந்தக் கட்டத்துல மாட்டிக்கிட்டே?" என்றார் இமோஜீன், எடுத்த எடுப்பிலேயே.

"எதுலயும் இல்லை, மிஸ் இமோஜீன். போட்டு முடிச்சுட்டேன்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

"சரி," என்றார் அவர். "சொல்லு. உங்க பக்கம் மழை வந்துச்சா?"